அமுக்குப் பேய் மேல எஃப்.ஐ.ஆர். போடலாமா?

பேய் பிடிக்கிற போலீஸ் சீரியல் 'க்ரிம்' பத்தி கேள்வி அனுப்புங்கன்னு ஒரு வரிதான் போட்டோம், அவ்ளோதான், திருவையாத்துலேந்து வேதாரண்யம் வரைக்கும் டெல்டாவே ராத்திரி முழிச்சிருந்து எழுதின மாதிரி வந்து குவிஞ்சிருச்சு. பாதி பேரு சீரியல பத்தி கேக்குறாங்க, மீதி பேரு சீரியல சாக்கா வச்சு சொந்த வீட்டுக் கதைய கேக்குறாங்க. ரெண்டுக்கும் சேத்தே பதில் சொல்லிடறேன்.

ஓ.டி.டி.ல 'க்ரிம்' பாத்துட்டு இருக்கேன். கடைசி சீசன்ல தூக்கத்த திருடுற ஒரு ஜந்து வருதே, அது சீரியல்காரங்க கட்டிவிட்டதா, இல்ல நெசமாவே அப்படி ஒரு கதை இருக்கா? – கும்பகோணம் வாசகர்

கதை இருக்கு சார், சீரியலுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. பாக்காதவங்களுக்கு ரெண்டு வரி: 2011லேந்து 2017 வரைக்கும் அமெரிக்காவுல என்.பி.சி. சேனல்ல ஓடின சீரியல், மொத்தம் 123 எபிசோடு. ஆரிகன் மாநிலத்துல போர்ட்லேண்டுன்னு ஒரு ஊரு, அங்க நிக்குன்னு ஒரு டிடெக்டிவ், சாகப்போற அத்தை வந்து நம்ம குடும்பம் ஜெர்மன் நாட்டுப்புறக் கதையெல்லாம் தொகுத்த க்ரிம் சகோதரர்கள் வம்சம்டா, மனுஷ வேஷத்துல திரியுற ஜந்துங்க உன் கண்ணுக்கு மட்டும் தெரியும்னு சொல்லி, ஒரு டிரெய்லர் நிறைய பழைய புஸ்தகமும் ஆயுதமும் குடுத்துட்டு போயிடுது. கூட ஹேங்க்குன்னு பார்ட்னர். நீங்க சொல்ற எபிசோடு 2017ல வந்தது, அதுல வர்ற ஜந்து பேரு ஆல்ப், தூங்குறவங்க உடம்புலேந்து மெலடோனின்ங்கிற தூக்க ஹார்மோன உறிஞ்சிடும், அப்புறம் அந்த ஆளுக்கு தூக்கமே கிடையாது, முழிச்சுக்கிட்டே இல்லாததெல்லாம் கண்ணுக்கு தெரிய ஆரம்பிச்சு யாரையாவது போட்டுத் தள்ளுற அளவுக்கு போயிடும்.

ஜெர்மன் கிராமத்துக் கதையில வர்ற ஆல்ப் மெலடோனின் எல்லாம் குடிக்காது பாவம், அந்தக் காலத்துல மெலடோனின்னா யாருக்கு தெரியும். அது சாவித் துவாரம் வழியா உள்ள வந்து தூங்குறவங்க நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கும், மூச்சு முட்டும், கத்தலாம்னு பாத்தா சத்தம் வராது. ஃபியூஸ்லின்னு ஒரு ஓவியர் 1781ல இதையே பெரிய படமா வரைஞ்சிருக்காரு, கட்டில்ல தலை தொங்கிப்போய் ஒரு பொண்ணு கிடக்குது, நெஞ்சு மேல குரங்கு மாதிரி ஒண்ணு குந்திக்கிட்டு நம்மளையே பாக்குது, பின்னாடி திரைய விலக்கி ஒரு குருட்டுக் கண்ணு குதிரை எட்டிப் பாக்குது. இப்ப அது டெட்ராய்ட் மியூசியத்துல இருக்கு. அவங்க ஊரு வைத்தியத்த கேட்டா சிரிச்சிடுவீங்க, படுக்கிறப்ப செருப்ப மூக்கு வாசப் பக்கம் இருக்கிற மாதிரி திருப்பி வைக்கணுமாம். நம்ம ஊர்லயும் தலமாட்டுல செருப்பு, துடைப்பம், பாக்குவெட்டின்னு வைக்காத ஆச்சி உண்டா? கடல் தாண்டியும் பேய்க்கு செருப்புன்னா பயம்தான் போல.

எனக்கு அந்த சீரியல்ல பேய விட பிடிச்சது வேற. சாட்சி வந்து சார் என் நெஞ்சு மேல ஒண்ணு உக்காந்துச்சுன்னு சொன்னா அந்த ரெண்டு போலீசும் சிரிக்க மாட்டாங்க, பூசாரிகிட்டயும் போக சொல்ல மாட்டாங்க. எங்க படுத்திருந்த, எத்தன மணிக்கு, கூட யாரு, அந்த பில்டிங்குல வேற யாருக்காவது இப்படி ஆச்சான்னு நோட்ட எடுத்துருவாங்க. இன்னைக்கு வந்த கடிதம் பாதிக்கு இந்த நாலு கேள்வியே போதும்.

எங்க மாமியாரு இத அமுக்குப் பேய்னு சொல்றாங்க. எனக்கே ஒருதடவ வந்துச்சு, கண்ணு தொறந்திருக்கு, ஃபேன் சுத்துறது தெரியுது, கை கால் அசையல, கதவுகிட்ட யாரோ நிக்கிறாங்க. பிரமையா நெசமா? – மன்னார்குடி வாசகி

மாமியாரு சொன்னதுல தப்பே இல்லம்மா, உங்களுக்கு நடந்ததுக்கு நம்ம ஊர்ல அதுதான் பேரு. ஜப்பான்ல இதுக்கே கனாஷிபாரின்னு பேரு, கனடா பக்கம் நியூஃபவுண்ட்லேண்டு தீவுல கிழவி வந்து நெஞ்சுல உக்காருறான்னு சொல்வாங்க. ஊருக்கு ஊரு ஆளு மாறுது, உக்காருற இடம் மட்டும் நெஞ்சுதான், கவனிச்சீங்களா?

காரணம் என்னன்னா, ராத்திரி சுமாரா ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருக்கா கனவுத் தூக்கம் வரும், ரெம்னு சொல்வாங்க. அந்த நேரத்துல மூளைத்தண்டு கை கால் தசைய எல்லாம் ஆஃப் பண்ணி வச்சிடும், இல்லாட்டி கனவுல ஓடுறப்ப நெசமாவே எந்திரிச்சு ஓடி நிலைப்படியில முட்டிக்குவோம். கண்ணையும், மூச்சுக்கான உதரவிதானத்தையும் மட்டும் விட்டு வைக்கும். எப்பயாவது முழிப்பு முன்னாடி வந்துடும், ஆஃப் பண்ணினது ஆனாகறதுக்கு லேட்டாயிடும், அந்த இடைவெளியிலதான் நீங்க மாட்டிக்கிட்டீங்க. விலா எலும்புத் தசை இன்னும் தளர்ந்தே கிடக்கிறதால ஆழமா மூச்சு இழுக்கலாம்னு பாத்தா வராது, அதுதான் யாரோ ஏறி உக்காந்த கனம். மூளை பாதி கனவுல இருக்கு, பயமும் சேந்துடுது, ஃபேன் நெசம், கதவுகிட்ட நிக்கிற ஆளு கனவு, ரெண்டையும் ஒரே ரூம்ல வச்சுக் காட்டிடுது. பல நாட்டு ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்து 2011ல ஒரு கணக்கு வந்துச்சு, பொதுவா 100 பேர்ல ஏழெட்டு பேருக்கு வாழ்நாள்ல ஒருதடவயாவது வருது, மாணவர்கள்ல 28 சதவீதம். பரிச்சைக்கு ராத்திரி முழிச்சுப் படிக்கிற புள்ளைங்களுக்கு வர்றதுல என்ன ஆச்சரியம். மல்லாக்க படுத்தா இன்னும் ஜாஸ்தி வரும்.

அடுத்த தடவ வந்தா மொத்த உடம்பையும் தூக்கப் பாக்காதீங்க, ஒரு விரல் நுனி, இல்ல நாக்கு, அத மட்டும் அசைக்கப் பாருங்க. பக்கத்துல படுத்திருக்கிறவங்க தொட்டு உலுக்கினாலே விட்டுரும். மாமியார்கிட்டயே சொல்லி வைங்க, முனகல் கேட்டா தொட்டு எழுப்பிவிட சொல்லி.

அமுக்குப் பேய் மேல போலீஸ்ல எஃப்.ஐ.ஆர். போட முடியுமா? – திருத்துறைப்பூண்டி வாசகர்

போடலாம், எதிரி அட்ரஸ் கேப்பாங்களே? ஸ்டேஷன் ரைட்டர் உங்கள ஏற இறங்க பாத்துட்டு மனு வாங்கினதுக்கு சி.எஸ்.ஆர். ரசீது வேணா தரேங்க போயிட்டு வாங்கம்பாரு.

சார் இது சீரியஸான கேள்வி. அறுவடை முடிஞ்சு என் தம்பி கொள்முதல் நிலையத்துல நெல்ல கொட்டிட்டு நம்பர் வர்ற வரைக்கும் நாள் கணக்கா அங்கயே காவல் படுத்திருந்தான். வீட்டுக்கு வந்ததுலேந்து படுத்தா நெஞ்ச அழுத்துது, கறுப்பா ஒருத்தன் நிக்கிறாங்கிறான். களத்துக்கு பக்கத்துல சுடுகாடு வேற. அம்மா மந்திரிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. – திருவாரூர் மாவட்ட வாசகர்

மந்திரிக்கிறது மந்திரிக்கட்டும் தம்பி, அம்மா மனசுக்கு ஆறுதல், வேப்பிலையால ஒண்ணும் கெட்டுப் போயிடாது. அதுக்கு முன்னாடி நாமளும் ஒரு டிடெக்டிவ் நோட்ட எடுப்போம்.

எங்க படுத்தான்? நெல்லுக் குவியல் ஓரமா, தார்ப்பாய் மேல, பாதி உடம்பு வெளிய. எப்படி தூங்கினான்? தூங்கவே இல்ல, அதுதான் விஷயம். மழை இருட்டிட்டு வந்தா எந்திரிச்சு தார்ப்பாய இழுத்து மூடணும், விடிஞ்சா ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள வரணும்னு பிரிச்சு காயப் போடணும், கொசு, லாரி ஹாரன், ராத்திரி நாலு டீ, போன்ல படம். உடம்பு பல நாளா கனவுத் தூக்கத்த கடன் சொல்லியே ஓட்டியிருக்கு, வீட்டுக்கு வந்து நிம்மதியா படுத்ததும் அந்தக் கடன வட்டியோட வசூல் பண்ணுது, படுத்த கொஞ்ச நேரத்துலயே கனவுத் தூக்கம் வந்து குதிக்கும். அந்த நேரத்துலதான் இந்த அமுக்கல் வரும். அசதியில மல்லாக்க விழுந்து கிடப்பான் வேற. சுடுகாடு பக்கத்துல இருந்துச்சுங்கிறது அவன் பயத்துக்கு ஆளு உருவம் குடுத்துருக்கும், அவ்ளோதான்.

ஒரு வாரம் ஒரே நேரத்துக்கு படுத்து ஒரே நேரத்துக்கு எந்திரிக்க சொல்லுங்க, ஒருக்களிச்சு படுக்கட்டும், சாயந்தரத்துக்கு மேல டீ வேண்டாம். அதுக்கும் கேக்கலன்னா டாக்டர்கிட்ட போறப்ப மூணு விஷயம் மறக்காம சொல்லுங்க: குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதா, பகல்ல பேசிக்கிட்டு இருக்கிறப்பவே தூங்கி விழறானா, சிரிச்சா கோபப்பட்டா திடீர்னு முட்டி தளர்ந்து போகுதா. ரெண்டாவதும் மூணாவதும் சேந்து இருந்தா அது நார்கோலெப்சின்னு ஒரு தூக்க நோயா இருக்கலாம், மருந்து இருக்கு.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு உங்க தம்பி விஷயத்துல நெசமா பயம். அடுத்த தடவ நெல்லுக் குவியல் பக்கத்துல தரையில படுக்க விடாதீங்க. ஏன்னு கீழ நாகப்பட்டினத்துக்காரருக்கு சொல்ற பதிலயும் படிங்க.

டெல்டாவுல நடக்கிற மாதிரி ஒரு வெப் சீரிஸ் கதை எழுதிட்டு இருக்கேன். தூங்குறவங்கள கொல்ற ஏதோ ஒண்ணு, அத விசாரிக்கிற ஒரு பெண் எஸ்.ஐ. முதல் எபிசோடு எப்படி ஆரம்பிக்கலாம்? இங்கிலீஷ் சீரியல் சாயல் வரக்கூடாது. – நாகப்பட்டினம் வாசகர்

சாயல் வரக்கூடாதுன்னா மண்ணுல தேடுங்க சார். நம்ம மண்ணுல நெசமாவே தூக்கத்துல வந்து ஆளக் கொல்ற ஜந்து ஒண்ணு இருக்கு, கட்டுவிரியன். பகல்ல பாத்தா சோப்ளாங்கி மாதிரி சுருண்டு கிடக்கும், ராத்திரிதான் அதுக்கு விடியும். நெல்லு இருந்தா எலி, எலி இருந்தா பாம்பு, தரையில பாய் போட்டு படுத்திருக்கிற மனுஷன் நடுவுல. அது கடிச்சா பல பேருக்கு வலியே தெரியாது, பல்லு அவ்ளோ சின்னது, வீக்கம் கிடையாது, கடிவாய் தேடினாலும் அகப்படாம போகலாம். ஏதோ எறும்பு கடிச்சுதுன்னு சொறிஞ்சிட்டு திரும்பிப் படுத்துருவாங்க.

விடியக்காலம் எந்திரிக்கிறப்ப வயித்த வலி, தொண்டைய அடைக்குது, எச்சி முழுங்க முடியல, கண்ணு இமை ரெண்டும் தானா இறங்குது, பேச்சு குழறுது. வீட்ல இருக்கிறவங்க கேஸ் டிரபுள்னு சோடா வாங்கிக் குடுப்பாங்க, இல்ல முனி அடிச்சிருச்சுன்னு கோயிலுக்கு தூக்குவாங்க. அதுக்குள்ள மூச்சுத் தசையும் நின்னு போயிடும். இதுல கொடுமை என்னன்னா விஷம் நரம்பும் தசையும் சேருற இடத்ததான் அடைக்குது, புத்திய தொடாது. அசைவே இல்லாம, கண்ணு தொறக்க முடியாம, செத்த மாதிரி கிடக்கிற ஆளு சுத்தி நின்னு அழறவங்க பேசுறத எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கலாம். வென்டிலேட்டர்ல போட்டு காத்திருந்தா எந்திரிச்சு வந்தவங்க இருக்காங்க. அமுக்குப் பேயாவது நிமிஷத்துல விட்டுரும், இது விடாது. இதுக்கு மேல உங்களுக்கு என்ன திகில் வேணும்?

எபிசோட இப்படி தொடங்குங்க: குறுவை நேரம், ஒரு தெருவுல கல்யாணமாகி ரெண்டு வருஷம் கூட ஆகாத பொண்ணு காலையில எந்திரிக்கல. உடம்புல காயமே இல்ல. ஊரே பேய்ங்குது, பொண்ணு வீட்டுக்காரங்க மாப்ளை வீட்ட கைகாட்டுறாங்க. சந்தேக மரணம், புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194ல கேஸு, பழைய சி.ஆர்.பி.சி. 174தான் இது, கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ளங்கிறதால ஆர்.டி.ஓ., அதாவது கோட்டாட்சியர், விசாரணையும் வரும். ஊர்ல ரெண்டு பெரிய மனுஷங்கள வச்சு எஸ்.ஐ. பிரேத விசாரணை அறிக்கை எழுதணும், அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரையே உங்க வில்லனா வச்சுக்கலாம். எஸ்.ஐ. பாக்க வேண்டியது என்ன? பொண்ணு கட்டில்ல படுத்தாளா தரையிலயா, அன்னைக்குன்னு ஏன் இடம் மாறினா, நெல்லு மூட்டை எந்த ரூம்ல, சுவத்துல பொந்து இருக்கா, ராத்திரி எத்தன மணிக்கு வயிறு வலிக்குதுன்னு சொன்னா, சொன்னத கேட்டுட்டு யாரு திரும்பிப் படுத்தாங்க. கடைசி கேள்வியிலதான் சார் உங்க கதை இருக்கு. கடிச்சது பாம்புன்னே வைங்க, தரையில படுக்க சொன்னது யாரு?

பேய் வேணுமா வேணாமான்னு பத்தாவது எபிசோடுல முடிவு பண்ணிக்கலாம், ஒருதடவ அத காட்டிட்டீங்கன்னா திரும்ப உள்ள போக மாட்டேங்கும்.

தம்பி விஷயம் கேட்ட திருவாரூர்க்காரருக்கு: கட்டில் இருந்தா கட்டில், இல்லாட்டியும் கொசுவலைய பாய்க்கு அடியில நல்லா சொருகி படுக்க சொல்லுங்க, இந்தப் பாம்புக்கு அதுவே பெரிய தடுப்பு. காலையில இமை இறங்கினா கடி தெரியுதோ இல்லையோ நேரா கவர்மெண்டு ஆஸ்பத்திரி. நம்ம ஊர்ல போடுற விஷமுறிவு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேத்துதான், அதனால பாம்ப அடிச்சு பையில போட்டு எடுத்துட்டு போகணும்னு நேரத்த வீணாக்காதீங்க.

தூக்கத்துல கொலை பண்ணினா தண்டனை உண்டா? சீரியல்ல பேய் பிடிச்சவன விட்டுர்றாங்களே. – பாபநாசம் வாசகர்

கனடாவுல நெசமாவே ஒரு கேஸ் இருக்கு. கென்னத் பார்க்ஸ்னு ஒருத்தரு, 1987ல ஒருநாள் விடியக்காலம் தூக்கத்துலயே கார எடுத்துக்கிட்டு இருபது கிலோமீட்டருக்கு மேல ஓட்டிப் போய் மாமியாரக் கொன்னுட்டாரு, மாமனாருக்கும் பலமான காயம். அப்புறம் ரத்தம் சொட்டச் சொட்ட அவரே ஸ்டேஷன்ல போய் நின்னாரு, கைத் தசைநாண் எல்லாம் அறுந்திருந்துச்சு, வலிக்குதுன்னு சொல்லவே இல்லயாம். தூக்கத்துல நடக்கிற வியாதிக்காரர்னு டாக்டருங்க சாட்சி சொல்லி விடுதலை ஆயிட்டாரு, 1992ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் சரின்னுடுச்சு.

இங்க பழைய ஐ.பி.சி. 84, இப்ப பி.என்.எஸ். 22, புத்தி சரியில்லாத நெலையில என்ன பண்றோம்னே தெரியாம செஞ்சது குற்றமாகாதுன்னு இருக்கு, ஆனா அத நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரு. முனி புகுந்துடுச்சு யுவர் ஆனர்னா ஜட்ஜ் மருத்துவ சர்டிபிகேட் எங்கம்பாரு. மாமியாரோட சண்டை போட்டுட்டு யாரும் இந்தப் பதில கட் பண்ணி வச்சுக்காதீங்க.

மெலடோனின் போச்சுன்னா நெசமாவே பைத்தியம் பிடிக்குமா? கடையில மாத்திரையா விக்கிறாங்களே, வாங்கலாமா? – திருவையாறு வாசகி

அந்த இடத்துல சீரியல்காரங்க நல்லா கதை விட்டுருக்காங்க. மூளைக்கு நடுவுல பினியல் சுரப்பின்னு பட்டாணி விட சின்னதா ஒண்ணு இருக்கு, இருட்டினா அது மெலடோனின விடும், வெளிச்சம் பட்டா நிறுத்திக்கும். ராத்திரி ஆயிடுச்சுன்னு உடம்புக்கு ஊதுற மில்லு சங்கு அது, சங்கு ஊதலன்னா வேலையாளுங்க வீட்டுக்கு போக லேட்டாகும், மில்லு இடிஞ்சு விழாது. கட்டி வந்து அந்த சுரப்பியவே எடுத்தவங்களும் தூங்கிக்கிட்டுதான் இருக்காங்க. தூக்கம் மொத்தமா போனாதான் ஆபத்து. 1963 கடைசியில அமெரிக்காவுல ராண்டி கார்ட்னர்னு ஒரு 17 வயசு பையன் 264 மணி நேரம் முழிச்சிருந்தான், எரிச்சல், மறதி, இல்லாதது கண்ணுக்கு தெரியறதுன்னு எல்லாம் வந்துச்சு, தூங்கி எந்திரிச்சதும் சரியாச்சு. கின்னஸ்காரங்க 1997லேந்து இந்த ரெக்கார்ட எடுத்துக்கிறதே இல்ல, வீட்ல யாரும் ட்ரை பண்ணாதீங்க. மாத்திரைய டாக்டர் எழுதினா போடுங்க, அதுக்கு முன்னாடி போன தூர வச்சுட்டு லைட்ட அணைச்சுப் பாருங்க, காசு செலவில்ல.

சீரியல்ல அந்த ரோசலி மருந்துக்கடை வச்சிருக்குதே, பெரியகடைத் தெரு நாட்டு மருந்துக் கடை மாதிரியே இருக்கு. நம்ம கடையில பயத்துக்கு என்ன கிடைக்கும்? – தஞ்சாவூர் வாசகர்

சாதிக்காய பால்ல இழைச்சு குடுப்பாங்க, தூக்கம் வர. ஆனா துளிதான். அதிகமா போனா சாதிக்காயே இல்லாதத எல்லாம் காட்டும், மயக்கம் வாந்தி வேற. பேய விரட்ட போய் புதுசா ஒண்ண கூட்டிட்டு வந்த கதையாயிடும்.

என் பொண்ணு காலேஜ் படிக்குது, பல மாசமா ராத்திரி தூங்கல, யாரோ கூப்பிடுறாங்கன்னு பகல்லயும் சொல்லுது. அய்யாவாடி அமாவாசை யாகத்துக்கு கூட்டிட்டு போனோம். சிலர் குணசீலத்துல 48 நாள் தங்க சொல்றாங்க. என்ன பண்ணட்டும்? – மயிலாடுதுறை வாசகி

அக்கா, மேல எழுதின அமுக்குப் பேய் கணக்குல இத சேக்காதீங்க. அது தூங்கி முழிக்கிற நேரத்துல மட்டும் வந்துட்டு போறது. பகல்ல நல்லா முழிச்சிருக்கிறப்ப குரல் கேக்குது, மாசக் கணக்கா தூக்கம் இல்லன்னா அது மனநல டாக்டர் பாக்க வேண்டிய விஷயம், சீக்கிரம் பாத்தா சீக்கிரம் தேறும். கோயிலுக்கு போனதுல ஒண்ணும் குறையில்ல. குணசீலம் பெருமாள்கிட்ட காலங்காலமா இப்படிப்பட்டவங்கள கூட்டிட்டு வராங்க, மூஞ்சியில தீர்த்தம் அடிக்கிறப்ப அங்க நிக்கிற அம்மாக்கள் முகத்த பாத்தா யாருக்கும் கிண்டல் பண்ண வராது. ஆனா டாக்டர் மாத்திரை எழுதினா சாமிய சொல்லி அத நிறுத்தாதீங்க. கட்டி வைக்கிற இடத்துக்கு மட்டும் போகவே போகாதீங்க, 2001 ஆகஸ்டுல ஏர்வாடியில தீ பிடிச்சப்ப சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேரு செத்தாங்க.

கவர்மெண்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எதுலயும் மனநலப் பிரிவு இருக்கு. வெளிய போக யோசனையா இருந்தா டெலி மானஸ்னு கவர்மெண்டு மனநல உதவி எண் 14416க்கு போன் போடுங்க, ராத்திரி எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. பொண்ணு செத்துடலாம்னு இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாலும் காத்திருக்காம அன்னைக்கே கூட்டிட்டு போங்க. அதுகிட்ட நீ சொல்றது பொய்னு மட்டும் சண்டை போடாதீங்க, எப்ப கேக்குது, என்ன சொல்லுதுன்னு பொறுமையா கேட்டு எழுதி வைங்க, டாக்டருக்கு அதுதான் முக்கியமான சாட்சி.

ராத்திரி தனியா உக்காந்து இந்த சீரியல பாக்கலாமா? – நீடாமங்கலம் வாசகர்

பாருங்க, ஆனா பாத்து முடிச்சதும் மல்லாக்க படுக்காதீங்க. ஆறு சீசனையும் ஒரே ராத்திரியில முடிச்சுட்டு நெஞ்ச அழுத்துதுன்னு அடுத்த இதழுக்கு கடிதம் போட்டா பதில் தர மாட்டேன்.